நாப்பத்திமூண்டு பச்சை ஜக்கெற்றுகள்

பயப்பிடாதேங்கோ தம்பி, இது பொலிஸ் சட்டை இல்லை. நீங்கள் ஏறினதிலயிருந்து இந்த உறையைத் தான் பாத்துக்கொண்டு இருக்கிறியள். ஓரத்தால சட்டைக் கை எப்பன் வெளியில தெரியுது, என்ன? பச்சையைக் கண்டால் எங்கட ஆக்களுக்கு உடன ஒரு நடுக்கம். இஞ்ச ஜேர்மனியில பொலிசும் முந்திப் பச்சை தானே போட்டவங்கள். இருங்கோ, இருங்கோ, எழும்பாதேங்கோ. வடிவா இருங்கோ.

கேட்டியளே இப்ப என்ன சொன்னவங்கள் எண்டு? தண்டவாளத்தில மரம் முறிஞ்சு விழுந்து கிடக்காம். நாப்பது நிமிசமாம். இவங்கள் நாப்பது எண்டால் ஒரு மணித்தியாலம் எண்டு கணக்கு வையுங்கோ. காசலுக்குத் தானே? நானும் அங்க தான். என்ர பேர் குலேந்திரன். அங்க உடுப்புத் துப்பரவாக்கிற கடை ஒண்டில இருபத்தேழு வருசமா நிக்கிறன். கறை எடுக்கிறது என்ர வேலை. வைன், இரத்தம், மை, எஞ்சின் எண்ணெய், கலியாணச் சாறியில கொட்டின பாயாசம், என்னத்தையும் கொண்டு வாங்கோ. முதலாளி கஸ்ரமான உடுப்பு ஏதும் வந்தால், "இது குலேந்திரனுக்கு" எண்டு ஒரு சிவப்புத் துண்டு குத்தி வைப்பார். நான் பெருமைக்குச் சொல்லேல்லை, நீங்கள் கேட்டபடியால் சொல்லுறன்.

கேக்கேல்லையோ? சரி, கேப்பியள் தானே.

இது வன இலாகா ஜக்கெற். ஜேர்மன் வன இலாகா. காட்டைப் பாக்கிற உத்தியோகத்தர் ஒராள் ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்திரண்டில தைப்பிச்சுப் போட்டது. இண்டைக்குப் பழைய சாமான் சந்தையில எடுத்தனான். இதோட சேத்து வீட்டில நாப்பத்திநாலு. சிரியுங்கோ, சிரியுங்கோ. எங்கட கோயில்ல கூட என்னைக் கண்டால், "என்ன குலேந்திரன், மான் ஏதும் பட்டுதோ" எண்டு தான் கேக்கிறவை. அவைக்கு என்ன தெரியும். அவை மூண்டாவது கார் வாங்குவினம், அது விசர் இல்லை. நான் பழைய ஜக்கெற் வாங்கினால் விசர்.

எப்பிடித் தொடங்கினது எண்டு கேளுங்கோ. கடையில ஒரு ஜக்கெற் வந்து கிடந்தது. ஒரு வருசமா ஒருத்தரும் எடுக்க வரேல்லை. முதலாளி, "எறி" எண்டிட்டார். எனக்கு மனம் வரேல்லை. தம்பி, அந்தத் துணியை நீங்கள் தொட்டுப் பாக்கோணும். கம்பளி. மழை பெய்தால் மேலால வழிஞ்சு ஓடும், உள்ள ஊறாது. உள்பொக்கற்றைத் திருப்பிப் பாத்தன், ஒரு சின்னத் துணித்துண்டு தைச்சிருக்கு. அதில மையால ஆளின்ர பேர், ஓட்டோ எண்டு தொடங்குது, கீழ திகதி, ஐம்பத்தெட்டாம் ஆண்டு. அந்தக் காலத்தில அளவெடுத்துத் தைக்கிற தையல்காரர் அப்பிடித் தான் எழுதி விடுறவையாம். எனக்கு ஏதோ ஒரு ஆளைக் கையில பிடிச்ச மாதிரி இருந்தது. வீட்டை கொண்டு போனன். அது பத்தொன்பது வருசத்துக்கு முந்தி.

பிறகு படிச்சன். சும்மா வாங்கிறதில்லை தம்பி, இது ஒரு படிப்பு. முதல்ல பொத்தானைப் பாக்கோணும். மான்கொம்புப் பொத்தான் ஒண்டு போல ஒண்டு இராது. பிளாஸ்ரிக் எண்டால் எல்லாம் ஒரே அச்சு. சந்தேகம் எண்டால் ஊசியைச் சூடாக்கிப் பின்பக்கத்தில ஒரு தொடு தொடோணும். மயிர் எரிஞ்ச மணம் வந்தால் கொம்பு. பிறகு தோள்பட்டையைப் பாக்கோணும், எந்த மாநிலம், என்ன பதவி எண்டு அது சொல்லும். பிறகு நூல். நூலைப் பாத்தே நான் பத்து வருசம் முன்னப் பின்னச் சொல்லிப் போடுவன். ஒரு ஜக்கெற்றில என்ர கண்ணுக்குத் தப்பின தையல் எண்டு ஒண்டு கிடையாது.

தொடக்கத்தில ஏமாந்தனான் தான், இல்லையெண்டு சொல்லேல்லை. இஞ்ச ஊருக்கு ஊர் துவக்குச் சுடுற சங்கம் இருக்கு, தெரியும் தானே? வருசத்துக்கு ஒருக்கா பாண்ட் அடிச்சு, பியர் குடிச்சு, ஊர்வலம் போவினம். அவையும் பச்சை தான். அவையும் கொம்புப் பொத்தான் தான். நான் முதல் வருசமே வலு சந்தோசமா ஆறு ஜக்கெற் வாங்கிப் போட்டன். ஆறும் பியர் குடிக்கிற ஆக்களின்ரை. பிறகு வாங்கின ஒண்டு நாடகக் கொம்பனி ஒண்டின்ர வேசச் சட்டை, அதையும் நான் மேலதிகாரியின்ர ஜக்கெற் எண்டு நினைச்சு வைச்சிருந்தனான். சரி, விடுங்கோ அதை.

ஒண்டு சொல்லோணும். அந்தக் கெட்ட பன்ரண்டு வருசக் காலத்துச் சாமானை நான் தொடமாட்டன். விளங்குது தானே, கழுகும் சுவஸ்திகாச் சின்னமும் போட்ட காலம். அதை விக்கிறவங்களின்ர கண்ணும் எனக்குப் பிடிக்காது, வாங்கிறவங்களின்ர கண்ணும் பிடிக்காது. எனக்கு மரம் பாக்கிறவன்ர சட்டை போதும்.

என்ர மனுசிக்கு இதெல்லாம் விளங்காது. தவமலர் எண்டு பேர். நல்ல மனுசி, குறை சொல்லக் கூடாது. நான் ஆரையும் குறை சொல்லுற ஆள் இல்லை. ஆனால் முதல் நாளே துவங்கீட்டா. "யூனிபோமுக்குப் பயந்து ஊரை விட்டு ஓடி வந்தனாங்கள். நீங்கள் அதைக் காசு குடுத்து வாங்கிக் கம்பியில கொழுவிறியள்." நான் சொன்னன், "இஞ்சேருமப்பா, இது ஆளைச் சுடுறவன்ரை இல்லை, மரத்துக்கு நம்பர் போடுறவன்ரை" எண்டு. "செத்த ஆக்களின்ர உடுப்பு" எண்டா. "அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால நிக்கிறியள், ஏதும் பிடிச்சால்?" எண்டா. ஓம், ஒவ்வொண்டையும் கொண்டு வந்த உடன ஒருக்காப் போட்டுப் பாக்கிறனான். அளவு பாக்கத் தான். வேற ஒண்டுக்கும் இல்லை.

பேந்து பேந்து அவ பேசிறதையும் விட்டிட்டா. அந்த அறைக்குள்ள அவ கால் வைக்கிறதே இல்லை எண்டு தான் நான் நினைச்சுக்கொண்டு இருந்தனான். எல்லாம் நான் தனிய. பத்தொன்பது வருசத்தில ஒரு ஜக்கெற்றில ஒரு பூச்சி அரிச்ச ஓட்டை இல்லை, தெரியுமே? கம்பளிக்குப் பூச்சி வராமல் வைச்சிருக்கிறது லேசுப்பட்ட வேலை இல்லை. மற்றச் சேகரிப்புக்காரர் என்னட்டைக் கேப்பினம், நீர் என்ன மருந்து போடுறனீர் எண்டு. நான் ஒண்டும் போடுறதில்லை. என்ர கைராசி எண்டு சொல்லி விடுவன்.

அந்தச் சேகரிப்புக்காரரைப் பற்றிச் சொல்லாட்டில் கதை நகராது. மலைப்பக்கம் ஒரு சின்ன ரவுண். அங்க மாதத்தில முதல் சனிக்கிழமை மத்தியானம் ஒரு சாப்பாட்டுக் கடையின்ர பின் அறையில ஏழு பேர் கூடுவினம். என்னோட எட்டு. எல்லாரும் இளைப்பாறின ஆக்கள். எட்டு வருசமா எனக்கெண்டு ஒரு கதிரை, யன்னல் பக்கம். தம்பி, இந்த நாட்டில முப்பது வருசத்துக்கு மேல இருக்கிறன். கடையில நான் கறை எடுக்கிறவன். கந்தோரில நான் நம்பர். அந்த மேசையில மட்டும் தான், "ஹெர் குலேந்திரன், இதைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறியள்?" எண்டு ஒரு ஜேர்மன்காரன் கேக்கிறவன். அதுக்காகத் தான் நான் ரெண்டு ரெயின் மாறிப் போறனான். வெக்கத்தை விட்டுச் சொல்லுறன்.

அதில தலைவர் மாதிரி வீகண்ட் எண்டு ஒராள். முந்திப் பள்ளிக்கூட வாத்தியார், இப்பவும் வாத்தியார் தான். நீங்கள் பிழையா ஒரு வருசத்தைச் சொன்னால் விரலைத் தூக்குவார். பொக்கற்றில அளவு நாடா, பூதக் கண்ணாடி, ஒரு சின்ன ஊதா லைற், எல்லாம் வைச்சிருப்பார். அந்த லைற்றை அறிஞ்சிருக்கிறியளே? அதை அடிச்சால் புதுக்காலத்து நூல் வெள்ளையாப் பளிச்செண்டு மினுங்கும். பழைய நூல் மினுங்காது. கள்ளச் சாமானைப் பிடிக்கிறதுக்கு அது தான் முதல் ஆயுதம். மனுசன் நல்லவர். ஆனால் தான் மட்டும் தான் பள்ளிக்கூடம் போனவர் எண்ட மாதிரி ஒரு நினைப்பு.

போன வருசம் அந்த ரவுணில இருக்கிற வன மியூசியத்தில ஒரு கண்ணாடி அலுமாரி வைக்கப் போகினம் எண்டு கதை வந்தது. பன்ரண்டு ஜக்கெற். நிரந்தரமா. கீழ ஒரு பித்தளைத் தகட்டில, "இன்னாருடைய சேகரிப்பு" எண்டு பேர் பொறிப்பினம். மியூசியத்துக்குப் பொறுப்பா ஃபிராவ் லோமையர் எண்டு ஒரு பெண்மணி. அவ எங்கட கூட்டத்துக்கே வந்து சொன்னா, எல்லாற்றையும் பாத்து ஒராளின்ரையைத் தெரிவு செய்வன் எண்டு. தெரிவு செய்யிறதெண்டால் ரெண்டு பேர் தான். ஒண்டு வீகண்ட், மற்றது நான். மற்றவையிட்டை அஞ்சு, ஆறு தான் இருக்கு.

தம்பி, எனக்கு அந்தத் தகடு வேணும். மறைக்கிறதுக்கு என்ன இருக்கு? குலேந்திரன் எண்ட பேர் ஒரு ஜேர்மன் மியூசியத்தில, பித்தளையில. நான் செத்தாலும் அது கிடக்கும். நித்திரையில கூட அந்தத் தகட்டின்ர எழுத்தைப் பாத்தனான். மனுசியிட்டச் சொன்னன். அவ, "பித்தளை கறுக்கும், கிழமைக்கு ஒருக்காப் புளி போட்டு மினுக்கோணும், அவை செய்வினமோ" எண்டு கேட்டா. பாருங்கோ, அவவின்ர யோசினை எங்க போகுது எண்டு.

ஐப்பசியில அந்தச் சனிக்கிழமை வந்தது. கடை வானைக் கேட்டு எடுத்து, நாப்பத்திமூண்டையும் கொழுவிக்கொண்டு போனன். பின் அறை முழுக்கப் பச்சை. ஃபிராவ் லோமையர் ஒவ்வொண்டாத் தடவிப் பாத்து, "ஆஹா, ஆஹா" எண்டா. "எவ்வளவு சுத்தமா வைச்சிருக்கிறியள்" எண்டா. வீகண்டின்ர முகம் எப்பன் சுருங்கினது. எனக்கு உள்ளுக்கு ஒரே குளிர்ச்சி.

பிறகு வீகண்ட் எழும்பி, "ஒழுங்கு முறைக்காக" எண்டு சொல்லி யன்னல் திரையை இழுத்து மூடிப்போட்டு லைற்றை எடுத்தார். முதல் ஜக்கெற், என்ர ஓட்டோவின்ர ஜக்கெற். நூல் மினுங்கேல்லை. சரி. பொத்தான் சரி. உள்பக்கத்தைத் திருப்பினார். இடப்பக்கம் கீழ, மடிச்சுத் தைச்ச இடத்துக்கு உள்ளுக்கு, ஒரு பொட்டு. மஞ்சளும் பச்சையும் கலந்த மாதிரி ஒரு நிறத்தில பளீரெண்டு எரியுது. ஒரு சல்லிக்காசு அளவு.

"இது என்ன?" எண்டார். எனக்குத் தெரியேல்லை. ரெண்டாவது ஜக்கெற். அதே இடம், அதே பொட்டு. மூண்டாவது. நாலாவது. தம்பி, நாப்பத்திமூண்டிலயும்! மாநிலம் வேற, வருசம் வேற, வாங்கின இடம் வேற. பொட்டு மட்டும் ஒண்டு. அதே மூலை, அதே அளவு.

வீகண்ட் லைற்றை நிப்பாட்டிப்போட்டு விரலைத் தூக்கினார். "இதெல்லாம் ஒரே பட்டறையில செய்த சாமான்" எண்டார். "ஒரே கை. இது செய்தவன்ர அடையாளம்." யோசிச்சுப் பாத்தால் அந்த மனுசன் சொன்னதிலயும் பிழை இல்லை. நாப்பத்திமூண்டு ஜக்கெற்றில ஒரே இடத்தில ஒரே இரசாயனம் இருந்தால் நானும் அதைத் தான் சொல்லியிருப்பன். ஒருத்தரும் என்னைக் கள்ளன் எண்டு சொல்லேல்லை. அவை அப்பிடிச் சொல்லுற ஆக்களும் இல்லை. ஆனால் ஒருத்தரும் என்ர முகத்தைப் பாக்கேல்லை. ஒராள் தன்ர கோப்பையைத் திருப்பித் திருப்பி வைச்சார். ஃபிராவ் லோமையர் தன்ர கொப்பியை மூடினா. நாப்பத்திமூண்டையும் நான் தனியத் திருப்பி வானில ஏத்தினன். மற்ற நாளில ஆராவது ஒராள் கை குடுப்பினம்.

மூண்டாம் நாள் கடிதம் வந்தது. வலு மரியாதையான கடிதம். இந்த விசயம் தெளிவாகும் வரைக்கும் கூட்டத்துக்கு வராமல் இருந்தால் நல்லது எண்டு. நான் அழுதனான் தம்பி. கடைக்குப் பின்னால நீராவி மெசினடியில நிண்டு அழுதனான். நீராவியில ஒருத்தருக்கும் தெரியாது.

பிறகு எனக்குக் கோவம் வந்தது. முதல்ல வீகண்டில தான் சந்தேகம். அந்தாள் தான் நான் வானுக்குப் போன நேரம் ஏதோ பூசிப் போட்டுது எண்டு நினைச்சன். நாப்பத்திமூண்டுக்கும் பத்து நிமிசத்தில பூச ஏலுமோ எண்டு வீட்டில ஒரு தூரிகையை வைச்சு மணிக்கூட்டைப் பாத்துச் செய்தும் பாத்தன். ஏலாது. பேந்து எனக்கு வித்தவங்களில சந்தேகம். எல்லாருக்கும் தொலைபேசி எடுத்துப் பேசினன். ஒரு கிழவர் லைப்சிக்கில, பாவம், எண்பத்தாறு வயது, அவரையும் ஏசிப் போட்டன். மனுசி குசினிக்குள்ள நிண்டு எல்லாத்தையும் கேட்டுக்கொண்டு தான் நிண்டவ. என்ன விசயம் எண்டு கேட்டவ. "உமக்கு விளங்காது" எண்டிட்டன்.

கடைசியில நானும் ஒரு ஊதா லைற் ஓடர் பண்ணி எடுத்தன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், யன்னல் மறைப்பெல்லாத்தையும் கீழ இறக்கிப்போட்டு வீடு முழுக்க அடிச்சுக்கொண்டு போனன். ஜக்கெற்றெல்லாம் பொட்டு. சரி. என்ர உடுப்பு அலுமாரியைத் துறந்தன், என்ர சேட்டிலயும் பொட்டு! கடைக்குப் போடப் புதுசா எடுத்த சேட், கலியாண வீட்டுக்குப் போடுற சேட், தீபாவளிக்கு எடுத்த சேட், எல்லாத்திலயும் அடியில ஒரு மூலையில பொட்டு. எனக்கு உண்மையாப் பயம் வந்திட்டுது. என்னையும் அந்தப் பட்டறையில தான் செய்தவங்களோ எண்டு ஒரு கணம் மண்டை சுத்தினது.

அப்பிடியே குசினிக்குள்ள போனன். மனுசி இருட்டுக்குள்ள அடுப்பு வெளிச்சத்தில மீன் குழம்புக்குத் தூள் போட்டுக்கொண்டு நிக்கிறா. "ஏனப்பா பட்டப்பகல்ல வீட்டை இருட்டாக்கி வைச்சிருக்கிறியள்" எண்டு திரும்பினா. லைற் அவவின்ர கையில பட்டுது. மோதிர விரல் நுனி பளீரெண்டு எரியுது. அதே நிறம்.

மஞ்சள்! தம்பி, மஞ்சள்!

புது உடுப்புக்கு மூலையில மஞ்சள் தொட்டுப் போட்டுத் தானே உடுக்கிறது? உங்கட வீட்டிலயும் செய்வினம் தானே? அதைத் தான் அவ என்ர ஜக்கெற்றெல்லாத்துக்கும் செய்திருக்கிறா. பத்தொன்பது வருசமா. நான் ஒண்டைக் கொண்டு வந்து கொழுவ, அடுத்த நாள் நான் வேலைக்குப் போன பிறகு இவ மஞ்சளைக் குழைச்சுக்கொண்டு போய், உள்மடிப்பில, வெளியில தெரியாத இடமாப் பாத்து ஒரு தொடு. உள்துணியும் மண்ணிறம், சாதாரண வெளிச்சத்தில ஒருத்தருக்கும் தெரியாது. எனக்குத் தெரியாமல் போனது, அது வேற, நான் தையலைப் பாக்கிறவன், மூலையைப் பாக்கிறவன் இல்லை.

நான் கத்தினன். "பத்தொன்பது வருச உழைப்பு! என்னைக் கள்ளன் ஆக்கிப் போட்டீர்!" எண்டு. அவ கரண்டியை வைச்சிட்டு நிண்டா. "செத்த ஆக்களின்ர உடுப்பு" எண்டா. "நீங்கள் அதைப் போட்டுப் பாக்கிறனீங்கள். உங்களுக்கு ஒண்டும் வரக் கூடாது எண்டு தான்." பிறகு அடுப்பைப் பாத்துக்கொண்டு, "அதோட, அவையும் பாவம் தானே. ஒரு வீட்டுக்கு வந்திருக்கினம்" எண்டா. குழம்பு எரிஞ்சு போச்சு. அண்டைக்குப் பாண் தான் சாப்பிட்டனாங்கள்.

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை, ஜக்கெற்றெல்லாத்தையும் திரும்ப வானில ஏத்தி, அவவையும் கூட்டிக்கொண்டு போனன். சாட்சி வேணும் தானே. அவ வரமாட்டன் எண்டு நிண்டவ, பேந்து பச்சைச் சேலை உடுத்துக்கொண்டு, கைப்பைக்குள்ள மஞ்சள் தூள் அடைச்ச பேணியையும் வைச்சுக்கொண்டு வந்தா. பின் அறையில எல்லாரும் எழும்பிக் கை குடுத்திச்சினம். என்ர கதிரையில அவவை இருத்திப் போட்டினம். நான் நிண்டனான். நான் தொலைபேசியில கேட்டபடியால் ஃபிராவ் லோமையரும் வந்திருந்தா.

நான் விளங்கப்படுத்தினன். வீகண்ட் நம்பேல்லை. "நாப்பத்திமூண்டிலயுமோ? உங்களுக்குத் தெரியாமலோ?" எண்டார். அதில ஒரு குத்தல் இருந்தது, நான் கவனிச்சனான். அப்ப மனுசி எழும்பினா. அவவின்ர ஜேர்மன் பாசை சந்தைக்குப் போற அளவுக்குத் தான். கொழுவியிருந்த ஜக்கெற்றுகளிட்டைப் போய், பொக்கற்றைத் திருப்பாமல், பேரைப் பாக்காமல் சொல்லத் தொடங்கினா. "இது ஓட்டோ ஐயா. இவருக்கு ஒரு தோள் மற்றத் தோளை விட எப்பன் கீழ. இது ஹெல்முட் ஐயா. பொக்கற்றுக்குள்ள ஒரு விதை கிடந்தது, நான் எடுக்கேல்லை, உள்ள தான் இருக்கு. இது வில்லி ஐயா, சுருட்டு மணம், எத்தினை தரம் காத்தில விட்டும் போகேல்லை." வெள்ளிக்கிழமையில நாப்பத்திமூண்டையும் யன்னலடியில கொழுவி உதறிக் காத்தாட விடுறவவாம். கிழமை கிழமை. எனக்கு அப்ப தான் தெரியும். கைராசி எண்டு நான் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிஞ்சது எல்லாருக்கும் ஞாபகம் இருந்திருக்கும். ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை, நல்ல ஆக்கள்.

வீகண்ட் அண்டைக்கு ஒரு புது ஜக்கெற் போட்டு வந்தவர், பிறந்தநாளுக்கு மகள் வாங்கிக் குடுத்ததாம். மனுசி பேணியைத் துறந்து, தண்ணிக் கோப்பைக்குள்ள விரலை விட்டு மஞ்சளைக் குழைச்சு, "புதுசோ?" எண்டு கேட்டு, அவர் ஓமெண்ட உடன ஓரத்தைத் திருப்பி ஒரு தொடு தொட்டு விட்டா. பள்ளிக்கூட வாத்தியார் வாயைத் துறந்தபடி நிக்கிறார். பிறகு அவரின்ர லைற்றை அவரின்ர கையிலயிருந்தே வாங்கி அடிச்சா. பளீர்! "இப்ப நீங்களும் அந்தப் பட்டறைச் சாமான்" எண்டு நான் சொன்னன். தம்பி, அந்த அறையில இருந்த சிரிப்பு! வீகண்ட் தான் கூடச் சிரிச்சவர். பிறகு என்னட்டை வந்து, விரலைத் தூக்காமல், மன்னிப்புக் கேட்டார். மனுசன் நல்லவர் எண்டு நான் முதல்லயே சொன்னனான் தானே?

இப்ப கேளுங்கோ, இது தான் விசயம். ஃபிராவ் லோமையர் எல்லாருக்கும் முன்னால சொன்னா, தான் என்ர பன்ரண்டு ஜக்கெற்றைத் தெரிவு செய்யிறன் எண்டு. பேரைக் கூட எழுத்துக் கூட்டிக் கேட்டுக் கொப்பியில எழுதினா. எனக்குக் கால் நிலத்தில இல்லை. பிறகு, "ஒண்டே ஒண்டு" எண்டா. மஞ்சள் மாதிரிப் பிறத்திப் பொருள் பட்ட துணி மியூசியத்துக்குள்ள வரேலாதாம், அது விதியாம். அந்தப் பொட்டுகளை எடுத்துப் போட்டுத் தரோணுமாம். "அது உங்களுக்குப் பெரிய விசயம் இல்லைத் தானே, ஹெர் குலேந்திரன்? இந்த மாநிலத்தில கறை எடுக்கிறதுக்கு உங்களை விட ஆர் இருக்கினம்?" எண்டு சிரிச்சுக்கொண்டு கேட்டா.

மஞ்சள் கறை என்ன கறை தம்பி? அது ஒரு கறையே? சவர்க்காரம் போட்டுக் கசக்கி, ஒரு நாள் வெயில்ல காயப்போட்டால் தானாப் போயிடும். எங்கட பொம்பிளையள் எல்லாருக்கும் தெரியும். மனுசிக்கும் தெரியும். என்ர கதிரையில இருந்தபடி எனக்குத் தமிழில சொல்லுறா, "வெயில்ல போட்டால் போயிடும் எண்டு சொல்லுங்கோ. ஓமெண்டு சொல்லுங்கோவன். உங்கட பேர் வரட்டும்." சொல்லிப் போட்டு அந்த ஓட்டோவின்ர ஜக்கெற்றைப் பாத்துக்கொண்டு இருக்கிறா. விரல் இன்னும் மஞ்சள்.

நான் ஃபிராவ் லோமையரைப் பாத்துச் சொன்னன், "அது போகாது."

"போகாதோ?"

"போகாது. மஞ்சள் ஒருக்காப் பிடிச்சால் பிடிச்சது தான். என்னால ஏலாது."

இருபத்தேழு வருசத்தில, தம்பி, ஒரு கறையைப் பாத்து என்னால ஏலாது எண்டு நான் சொன்னது அண்டைக்கு ஒரு நாள் தான். எல்லாருக்கும் முன்னால. வீகண்டுக்கு முன்னால. ஃபிராவ் லோமையர் வலு கவலையோட கொப்பியில எழுதின பேரை வெட்டினா. இப்ப நீங்கள் போய்ப் பாக்கலாம், அந்த மியூசியத்தில வீகண்டின்ர பன்ரண்டு ஜக்கெற், பித்தளைத் தகடு, வலு வடிவான எழுத்து. நான் ஒவ்வொரு மாதமும் அதைத் தாண்டித் தான் கூட்டத்துக்குப் போறனான். வயிறு எரியும். எல்லாம் இந்த மனுசியால வந்த வினை. அவ அந்த மஞ்சளைத் தொடாமல் விட்டிருந்தால் இண்டைக்கு என்ர பேர் அங்க. பிழை ஆரில எண்டு நீங்களே சொல்லுங்கோ.

ஆ, அசையுது. மரத்தை வெட்டிப் போட்டாங்கள் போல.

அண்டைக்கு வான்ல திரும்பி வரேக்க, காசலுக்குக் கிட்ட வந்தாப் பிறகு தான் அவ கேட்டா, "ஏன் பொய் சொன்னனீங்கள்?" எண்டு. நான் றோட்டைப் பாத்துக்கொண்டு சொன்னன், "பன்ரண்டு ஜக்கெற்றை வெயில்ல போட எங்களுக்கு எங்கயப்பா வெயில் இருக்கு?" எண்டு. அவ என்ர கையில ஒரு அடி போட்டிட்டு மற்றப் பக்கம் திரும்பீட்டா. எங்கட பல்கனியில தம்பி, காலமை தொடங்கினால் பின்னேரம் மட்டும் வெயில் தான்.